கூடைப்பந்து அரங்கம் பாதியில் நிற்கிறதா? எந்தத் தடங்கலுக்குக் கவலைப்பட வேண்டும்

கேள்வி இது: "அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இங்கே புதிதாகக் கட்டிவரும் கூடைப்பந்து அரங்கம் தள்ளிக்கொண்டே போகிறது. முதலில் செலவு கூடிவிட்டது என்றார்கள். அப்புறம் இரும்பு வரவில்லை என்றார்கள். இப்போது, ஏற்றி வைத்த கூரைச் சட்டகம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தொய்கிறது, அதனால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கிறார்கள். இந்தக் கட்டிடம் முடியுமா? மற்ற கல்லூரிகள் இப்படிப்பட்ட தடங்கல்களிலிருந்து எப்படி மீண்டன?"

பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வகைத் தடங்கல் இல்லை. பணம் போதவில்லை, இரும்பு வரவில்லை என்பவை காத்திருந்தோ, வடிவத்தை மாற்றியோ கடக்கக்கூடியவை. அமெரிக்கக் கல்லூரிகள் எண்பது வருடமாக அப்படிக் கடந்துதான் வந்திருக்கின்றன. மூன்றாவது வேறு ரகம். கூரை கணக்கை மீறித் தொய்கிறது என்று தெரிந்ததும் வேலையை நிறுத்தினார்கள் என்றால், உங்கள் கல்லூரி சரியான காரியம் செய்திருக்கிறது. நீண்ட கூரைகளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அந்தச் செய்திதான் எனக்கு நிம்மதி தருகிறது. உங்களுக்கு அதுதான் பயம் தருகிறது என்பது புரிகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

இந்த வகைக் கட்டிடத்துக்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கல் என்பதைப் பார்த்துவிடுவோம். வகுப்பறைக் கட்டிடத்தில் சில அடிகளுக்கு ஒரு தூண் வைத்துக்கொண்டே போகலாம். கூடைப்பந்து ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலம், அவ்வளவுதான். ஆனால் அதைச் சுற்றி பத்தாயிரம் பேர் உட்கார வேண்டும், யார் கண்ணையும் எதுவும் மறைக்கக் கூடாது. அதற்கு முந்நூறு, நானூறு அடி அகலத்தை நடுவில் தூணே இல்லாமல் மூடும் கூரை தேவை. அந்தக் கூரைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: எவ்வளவு இரும்பு, எந்த கிரேன், எந்த மாதத்தில் ஏற்றுவது, எப்போது உள்வேலை தொடங்குவது. பனிக்காலத்துக்கு முன் கூரை மூடவில்லை என்றால் உள்ளே மின்சார வேலை, சுவர்ப் பலகை, தரை எல்லாமே வரிசையாகக் காத்திருக்கும். அதனால்தான் ஒரு சின்னத் தாமதம்கூட வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பூதாகரமாகத் தெரிகிறது.

இரும்பு வராத கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதற்கு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெனால்ட்ஸ் கொலீசியம், ராலி நகரில் இருக்கிறது. வேலை 1940களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போர் குறுக்கே வந்தது. ஆளும் இல்லை, பொருளும் இல்லை. எழுப்பிய இரும்புக் கூடு சுவரும் கூரையும் இல்லாமல் வளாகத்தின் நடுவே வருடக்கணக்கில் நின்றது. தினமும் அதைக் கடந்து வகுப்புக்குப் போன மாணவர்கள் உங்களைப் போலத்தான் கேட்டிருப்பார்கள், இது என்றாவது முடியுமா என்று.

1946ல் இண்டியானாவிலிருந்து எவரெட் கேஸ் என்ற பயிற்சியாளர் அங்கே வந்தார். அவர் வந்தபின் அணி சக்கைப்போடு போட்டது. பழைய உடற்பயிற்சிக்கூடத்தில் இடம் போதவில்லை. 1947ல் பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லின் அணியுடன் நடக்கவிருந்த ஆட்டம், கூட்டம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்ததால் ரத்தே செய்யப்பட்டது. பாதியில் நின்ற அந்த இரும்புக் கூட்டைப் பார்த்த கேஸ், இந்த அளவு போதாது, பெரிதாக்குங்கள் என்றார். அகலத்தைத் தொடாமல் நீளத்தைக் கூட்டினார்கள். 1949 டிசம்பர் 2ஆம் தேதி அரங்கம் திறந்தபோது அதில் சுமார் 12,400 பேர் உட்காரலாம். இன்றைக்கும் அந்த அரங்கத்தின் படத்தைப் பார்த்தால் கூடைகளுக்குப் பின்னால் இருக்கைகள் நீண்டு போவது தெரியும். அந்த நீட்சி தாமதத்தின் பலன். போர் வராமல் திட்டப்படி முடிந்திருந்தால், திறந்த சில வருடங்களிலேயே போதாமல் போகிற ஓர் அரங்கம்தான் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

இதிலிருந்து எல்லாத் தாமதமும் நல்லதுக்கே என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அவர்கள் காத்திருந்த காலத்தில் தேவை மாறியதைக் கவனித்தார்கள், கவனித்ததை வரைபடத்தில் ஏற்றினார்கள். அதுதான் விஷயம். காத்திருக்கும் காலத்தில் வரைபடத்தைத் திரும்பத் திறந்து பார்க்காத கல்லூரிக்கு அந்தப் பலன் கிடைக்காது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சாமர்த்தியமானது. ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் கட்ட நினைத்த நேரத்தில் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. இரும்பு ராணுவத் தேவைக்குப் போனது. விளையாட்டு அரங்கத்துக்கு ஒதுக்கீடு கிடைப்பது கடினம். கட்டிடத்தை ராணுவப் பயிற்சிக்கும் பயன்படுத்தும் வகையில் திட்டமிட்டு அனுமதி வாங்கினார்கள். 1955 மார்ச் 1ஆம் தேதி, பக்கத்துப் போட்டியாளரான கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தை 77-67 என்று வென்று திறப்பு விழா கொண்டாடினார்கள். எழுபது வருடம் கழித்தும் அங்கேதான் ஆடுகிறார்கள். ஒரே கட்டிடத்துக்கு இரண்டு உபயோகம் சொல்ல முடிந்தால் அனுமதியும் பணமும் சீக்கிரம் வரும் என்பதை இன்றைய திட்டக்காரர்களும் அறிவார்கள். பட்டமளிப்பு விழா, கச்சேரி, புயல் நேரத்தில் தங்குமிடம் என்று ஒவ்வொன்றையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான். நேர்மையாகச் சொல்லும்வரை அதில் தவறே இல்லை.

இன்றைக்கு இரும்பைவிட அதிகம் தாமதிக்க வைப்பது மின்சாரச் சாதனங்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு பெரிய சுவிட்ச் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கு ஒரே வழி, முழு வரைபடமும் முடியும்வரை காத்திருக்காமல், மெதுவாக வரும் பொருள்களை மட்டும் தனி டெண்டராக முன்கூட்டியே எடுத்துவிடுவது. உங்கள் கல்லூரி அதைச் செய்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பணம். செலவு கூடிவிட்டது என்றால் மூன்று வழிகள்தான் இருக்கின்றன: இன்னும் பணம் தேடுவது, குறைப்பது, வேறு விதமாகக் கட்டுவது. மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

1960களின் நடுவில் ஆல்பகர்க்கி நகரில் அவர்கள் ஒரு பெரிய அரங்கம் கட்ட விரும்பினார்கள், கையில் பணம் கொஞ்சம்தான். கட்டிடக் கலைஞர் ஜோ போனிங் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் கூரையைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே எழுப்பினார்கள். அப்புறம் அதன் அடியில் மண்ணைத் தோண்டினார்கள். ஆடுகளம் தெருமட்டத்துக்கு 37 அடி கீழே அமைந்தது. இருக்கைகளுக்கான சரிவைத் தோண்டிய மண்ணே கொடுத்ததால், உயரமான சுவர்களும் இருக்கைகளைத் தாங்கும் பெரிய சட்டங்களும் தேவைப்படவில்லை. மொத்தச் செலவு சுமார் 14 லட்சம் டாலர். 1966 டிசம்பர் 1ஆம் தேதி திறந்தது. பேரே 'தி பிட்', அதாவது குழி என்று ஆகிவிட்டது. 1983ல் தேசிய இறுதிப் போட்டி அங்கே நடந்தது; வென்றது, மேலே சொன்ன அதே வட கரோலினா மாநில அணி. கல்லூரிக் கூடைப்பந்து உலகில் வருகிற அணிகளை நடுங்க வைக்கும் அரங்கங்களில் ஒன்றாக அது பெயர் வாங்கியதற்கு, பணம் இல்லாததால் பிறந்த அந்த வடிவமும் ஒரு காரணம். சத்தம் குழிக்குள்ளேயே சுழல்கிறது.

எல்லா மண்ணும் இப்படித் தோண்ட இடம் கொடுக்காது. நிலத்தடி நீர் மேலே இருந்தாலோ, பாறை இருந்தாலோ இதே யோசனை செலவை இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே பணம் ஒதுக்கும்போது கஞ்சத்தனமே கூடாத இடம் மண் பரிசோதனை. அதில் மிச்சம் பிடித்த பணத்தை அடித்தளத்தில் பல மடங்காகக் கொடுத்த திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் தேடும் வழியில், ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மாத்யூ நைட் அரங்கம் நன்கு தெரிந்த உதாரணம். பழைய அரங்கமான மெக்கார்தர் கோர்ட்டுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு வெகுகாலம் இழுத்துக்கொண்டே போனது. 2007ல் நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டும் அவர் மனைவி பென்னியும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு 10 கோடி டாலர் நிதி அறிவித்தார்கள். அந்த நிதி பின்னணியில் இருந்ததால் 2008ல் மாநிலச் சட்டமன்றம் 20 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தது. கட்டிடத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிட, கடனைத் திருப்ப முடியாமல் போனால் தாங்குவதற்கு ஒரு பணம் இருக்கிறது என்ற உறுதிதான் அங்கே கதவைத் திறந்தது. 2011 ஜனவரியில் அரங்கம் திறந்தது. மறைந்த மகனின் பெயரைத்தான் நைட் தம்பதி அதற்கு வைத்தார்கள்.

பெயர் என்றதும் இன்னொரு தடங்கல் நினைவுக்கு வருகிறது. பழைய அரங்கத்தைப் புதுப்பிக்கும் கல்லூரிகள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹாஃப்ஹைன்ஸ் பெவிலியனைப் புதுப்பிக்கத் தொழிலதிபர் டில்மன் ஃபெர்டிட்டா 2 கோடி டாலர் கொடுத்தார். அரங்கத்துக்கு அவர் பெயர் வருவதாக ஏற்பாடு. முன்பு நன்கொடை கொடுத்த ஹாஃப்ஹைன்ஸ் குடும்பத்தினர் பெயரை எடுப்பதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். கடைசியில் சமரசம் ஆனது. பழைய பெயருக்கு வளாகத்தில் வேறு வகையில் இடம் தந்தார்கள். அந்தக் குடும்பத்தின் மனத்தாங்கல் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். பழைய ஒப்பந்தத் தாள்களை முதல் வாரத்திலேயே எடுத்துப் படித்திருந்தால் இத்தகைய வழக்குகள் பாதி குறையும்.

குறைப்பது என்ற வழிக்கு வருகிறேன். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பின்னால் சேர்க்கக்கூடியதை இப்போது விடலாம்: சொகுசு அறைகளின் உள் அலங்காரம், பெரிய திரைகள், வெளிமுகப்பின் விலை உயர்ந்த கல், ஏன், மேல் அடுக்கு இருக்கைகளில் ஒரு பகுதியைக்கூட விடலாம். பின்னால் சேர்க்க முடியாததை விடவே கூடாது: கூரையின் சுமை தாங்கும் திறன், வெளியேறும் வழிகளின் அகலம், சரக்கு வண்டி உள்ளே வரும் பாதை, குழாய்களுக்கும் கம்பிகளுக்குமான இடம். கூரையில் இன்று சில டன் இரும்பைக் குறைத்தால், நாளைக்கு ஆடுகளத்துக்கு மேல் புதிய திரையைத் தொங்கவிட முடியாது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, இன்று மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு.

அப்புறம் ஒன்று: சில சமயம் நிறுத்துவதே சரி. அலபாமா பல்கலைக்கழகம் 2022ல் சுமார் 18.3 கோடி டாலரில் புதிய அரங்கம் என்று அறிவித்தது. கட்டுமான விலைகள் ஏறியதும் அந்தத் திட்டத்தை அப்படியே ஓட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அரைகுறைப் பணத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டு விழிப்பதைவிட அது பல மடங்கு மேல்.

இப்போது கூரை.

1978 ஜனவரி 18, அதிகாலை நாலேகால் மணி. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் சிவிக் சென்டர் அரங்கத்தின் கூரை முழுசாகக் கீழே விழுந்தது. 300 அடிக்கு 360 அடி, ஏறக்குறைய 1,400 டன். முந்தைய இரவு அதே அரங்கத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி ஆடியது. ஐயாயிரம் பேர் அளவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தபோது உள்ளே யாரும் இல்லை. ஒருவருக்குக்கூடக் காயம் இல்லை. சில மணி நேர வித்தியாசம்.

அது நகரத்தின் அரங்கம், கல்லூரி கட்டியது இல்லை. ஆனால் கல்லூரி அரங்கம் கட்டும் ஒவ்வொருவரும் அந்தக் கதையைப் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கூரை கட்டும்போதே பேசியது. இரும்புச் சட்டகத்தைத் தரையில் கோத்து, பிறகு ஜாக்கி வைத்து மேலே தூக்கினார்கள். தரையில் இருந்தபோதே சில இணைப்புகள் கணக்கைவிட அதிகமாகத் தொய்வதைப் பார்த்துப் பொறியாளர்களிடம் சொன்னார்கள். மேலே ஏற்றியதும் அளந்தார்கள். தொய்வு கணினி சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்குக்கும் நிஜத்துக்கும் இப்படி வித்தியாசம் இருப்பது சகஜம் என்று பதில் வந்தது. அப்புறம் ஓரத் தகடுகளைப் பொருத்த வந்த உப கான்ட்ராக்டருக்கு அவை பொருந்தவில்லை, ஏனென்றால் சட்டகம் வளைந்திருந்தது. எப்படியாவது சமாளியுங்கள், இல்லையென்றால் தாமதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் சில தாங்கிகளை வெட்டியும், சிலவற்றைப் புதிதாகச் செய்தும் பொருத்தினார். 1975ல் அரங்கம் திறந்தது. மூன்று குளிர்காலம் தாங்கியது.

விசாரணையில் வெளிவந்தது என்னவென்றால், அழுத்தம் தாங்கும் மேல் கம்பிகளுக்குக் கணக்கில் வைத்திருந்த பக்கவாட்டுப் பிடிப்பு நிஜத்தில் முழுசாக இல்லை. நீளமான மெல்லிய கம்பி அழுத்தத்தில் பக்கவாட்டாக வளைந்துவிடும். ஒன்று வளைந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிக்குப் போகும். அது வளைந்தால் அடுத்ததற்கு. பனியும் மழையும் சேர்ந்த அந்த இரவில் சங்கிலி முழுசாகப் போய்விட்டது. 1980 ஜனவரியில் வேறு வகைக் கூரையோடு அரங்கம் மறுபடி திறந்தது. கனெக்டிகட் அணியும் திரும்பி வந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது அந்த உப கான்ட்ராக்டர் பகுதி. கட்டிடம் தன் நோயைத் தெளிவாகச் சொன்னது. அதைக் கண்ணால் பார்த்தவர் வாய்விட்டும் சொன்னார். ஆனால் அவர் சொன்னதை எல்லோரும் தாமதக் கணக்கில் எழுதினார்கள், பாதுகாப்புக் கணக்கில் எழுதவில்லை. உங்கள் கல்லூரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். அளந்தார்கள், கணக்கோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசம் தெரிந்தது, நிறுத்தினார்கள்.

அடுத்த வருடம், 1979 ஆகஸ்ட் 13ஆம் தேதி, சிகாகோ பக்கத்தில் ரோஸ்மாண்ட் என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த அரங்கத்தின் மரக்கூரை சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பதினாறு பேருக்குக் காயம். மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த பெரிய வளைவுகள் அவை. இணைப்புகளில் இருக்க வேண்டிய போல்ட்டுகளில் பாதிக்கு மேல் போடப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. பிறகு போடலாம் என்று விட்டு வைத்தவை. நிரந்தர இணைப்பு முடியாமல் அடுத்த வளைவை ஏற்றினால், பாதி முடிந்த கட்டிடம் முழுக் கட்டிடத்தைவிட ஆபத்தானது. டிபால் பல்கலைக்கழக அணி 1980ல் அங்கே ஆடத் தொடங்கி 2017 வரை அதையே தன் அரங்கமாக வைத்திருந்தது. கட்டிடம் மீண்டது. அந்த ஐந்து பேர் மீளவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது "இரண்டு வாரம் மிச்சம் பிடிக்க முடியாதா" என்று கேட்கும்போது நான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சரியாகச் செய்த உதாரணமும் ஒன்று சொல்கிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அசெம்ப்ளி ஹால், 1963ல் திறந்தது. மேக்ஸ் அப்ரமோவிட்ஸ் வடிவமைத்தது. 400 அடி விட்டத்தில் மடிப்பு மடிப்பான கான்கிரீட் குவிமாடம், நடுவில் ஒரு தூண் இல்லை. இப்படிப்பட்ட குவிமாடத்தின் விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு விரியப் பார்க்கும். அதைத் தடுக்க விளிம்பைச் சுற்றி 614 மைல் நீளக் கம்பியை இழுத்து முறுக்கிச் சுற்றினார்கள். அந்த இறுக்கம் முழுமையாக வந்த பிறகே கீழிருந்த சாரத்தை எடுக்க முடியும். அதாவது வரிசையே பாதுகாப்பு. அந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதித்திருந்தால் இன்றைக்கு அந்தக் கட்டிடம் இல்லை. அறுபது வருடம் கழித்தும், புதுப்பிக்கப்பட்டு, அதே குவிமாடத்தின் கீழ் ஆட்டம் நடக்கிறது.

அப்படியானால் உங்கள் அரங்கத்தில் இனி என்ன நடக்கும்? அளவீடு சரிதானா என்று முதலில் மறுபடி அளப்பார்கள், காலையில் வெயில் ஏறுவதற்கு முன், ஏனென்றால் சூட்டில் இரும்பு நீண்டு கணக்கைக் குழப்பும். இணைப்புகள் வரைபடத்தில் உள்ளபடிதான் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சுமைக் கணக்கை, முதலில் போட்டவர் அல்லாத வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துப் புதிதாகப் போடச் சொல்வார்கள். அந்த மூன்றாவது படி மிக முக்கியம். தான் போட்ட கணக்கில் தானே தவறு கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம். காரணம் தெரிந்தபின் தீர்வு பெரும்பாலும் பயப்படும் அளவுக்கு இருக்காது: சில இடங்களில் கூடுதல் பிடிப்பு, சில இணைப்புகளைப் பலப்படுத்துவது. சட்டகம் மேலே இருக்கும்போதே, தற்காலிகத் தாங்கிகள் கொடுத்து இதைச் செய்ய முடியும்.

இதற்கிடையில் அணி எங்கே ஆடும், சீசன் வீணாகுமே என்ற கவலை வரும். அது அவ்வளவு பெரிய கவலை இல்லை. வில்லனோவா பல்கலைக்கழகம் தன் அரங்கத்தைப் புதுப்பித்த 2017-18 சீசனில் பெரும்பாலான உள்ளூர் ஆட்டங்களை ஃபிலடெல்ஃபியாவின் தொழில்முறை அரங்கத்தில் ஆடியது. அந்த வருடம் தேசியக் கோப்பையையே வென்றது. அதே சீசனில் சின்சினாட்டி அணி ஆற்றுக்கு அக்கரையில் வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடியது, ஹூஸ்டன் அணி பக்கத்திலிருந்த டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடியது. பக்கத்துக் கல்லூரியிடம் இடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாணவர்களுக்கான பேருந்து ஏற்பாட்டை மட்டும் அக்கறையோடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அணிக்குப் பின்னால் சத்தம் போடும் கூட்டம் கரைந்துவிடும்.

நவம்பரில் சீசன் தொடங்கும்போதே திறந்தாக வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. தேதிகளைக் கவனித்துப் பாருங்கள். ஐயோவாவின் கார்வர்-ஹாக்கை அரங்கம் 1983 ஜனவரி. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் சென்டர் 1986 ஜனவரி 18, பக்கத்துப் பரம எதிரியான டியூக் பல்கலைக்கழகத்தை 95-92 என்று வென்று. கனெக்டிகட்டின் கேம்பல் பெவிலியன் 1990 ஜனவரி. மேலே சொன்ன மாத்யூ நைட் 2011 ஜனவரி. பேய்லரின் ஃபாஸ்டர் பெவிலியன் 2024 ஜனவரி 2. எல்லாமே சீசன் நடுவில் திறந்தவை. பழைய அரங்கம் கையில் இருக்கும்வரை நடுவில் மாறுவதில் எந்த இழுக்கும் இல்லை. டீன் ஸ்மித் சென்டரின் முதல் ஆட்டம் நவம்பரில் ஏதோ ஒரு சின்ன அணியோடு நடந்திருந்தால், இன்று அதை யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கடைசி மாதங்களில் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூரையில் இழந்த நாட்களை இங்கேதான் மீட்கப் பார்ப்பார்கள். ஆடுகளத் தரை மேப்பிள் மரம். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால் அரங்கத்தில் குளிர்சாதனமும் சூடேற்றியும் நிரந்தரமாக ஓடத் தொடங்கி, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் நிலைத்த பிறகே பலகையை உள்ளே கொண்டுவர வேண்டும். அடியில் உள்ள கான்கிரீட்டும் காய்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் தோராயக் கணக்கு, ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது. அவசரப்பட்டுப் பதித்தால் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொள்ளும், பந்து சீராக எழும்பாது, வீரர் காலில் அடிபடும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்தத் தரைக்கு அப்படியே பொருந்தும். நாள் போதவில்லை என்றால், கழற்றி மாட்டும் தரையை ஒரு சீசனுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

கட்டி முடித்த பிறகும் தடங்கல் வரும். லாஸ் ஏஞ்சலஸில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் அரங்கமான பாலி பெவிலியனை 13 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்து 2012 நவம்பரில் திறந்தார்கள். 2014 ஜூலை 29ஆம் தேதி பக்கத்துச் சாலையில் தொண்ணூறு வருடப் பழைய குடிநீர்க் குழாய் வெடித்தது. சுமார் 2 கோடி காலன் தண்ணீர் வளாகத்தில் பாய்ந்தது. புத்தம்புது தரை நீரில் மூழ்கிப் பாழானது. சீசன் தொடங்கும் முன் புதுத் தரை போட்டுவிட்டார்கள், ஏனென்றால் ஜூலையில் நடந்தது, கையில் மாதங்கள் இருந்தன. அதே வருடம் பிப்ரவரியில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் (அதன் பெயரும் அசெம்ப்ளி ஹால்தான்) ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன் கூரையிலிருந்து ஒரு உலோகத் தகடு இருக்கைகள் மேல் விழுந்தது. ஆட்டத்தைத் தள்ளி வைத்து, கூரை முழுவதையும் சோதித்த பிறகுதான் கூட்டத்தை உள்ளே விட்டார்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் நிர்வாகக் குழுவின் கூட்டங்கள் பெரும்பாலும் பொதுக்கூட்டங்கள். மாணவர் பிரதிநிதி மூலமாகவும் கேட்கலாம். "எப்போது முடியும்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கக் கேட்க அவர்கள் ஒரு தேதியைச் சொல்லித் தொலைப்பார்கள், அந்தத் தேதியே பிறகு வேலை செய்பவர்களை நெருக்கும். வேறு கேள்விகள் இருக்கின்றன. தொய்வை அளந்த அறிக்கையை வெளியிடுவீர்களா? மறு கணக்கைப் போடும் நிறுவனம் முதல் வடிவமைப்பாளரோடு தொடர்பில்லாததுதானா? எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பலப்படுத்தும் வேலைக்கான செலவை, கூரையின் சுமைத் திறனைக் குறைக்காமல் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? தளத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் எதையாவது தவறாகக் கண்டால், தன் முதலாளியைத் தாண்டி யாரிடம் நேரடியாகச் சொல்லலாம்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பதவியின் பெயரும் தொலைபேசி எண்ணும் உடனே பதிலாக வந்தால், உங்கள் அரங்கம் நல்ல கைகளில் இருக்கிறது. இந்தச் சீசனில் முடியாமல் போகலாம். அடுத்த ஜனவரியில் நீங்கள் இன்னும் அங்கே படித்துக்கொண்டிருந்தால், முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து வையுங்கள்.